கட்டிப் போட்ட குட்டியின் தாகம்





கடந்த மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றை முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மறுபடி வாசித்தபோது சிரிப்புப் போய்விட்டது. தொழுகை, நோன்பு, மஹர், சீதனம் என்று கேள்விகள் வரும் இந்தப் பக்கத்துக்கு, ஒரு நாய்க்குட்டி குடிக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு தாய் எழுதியிருந்தார். வாவிக்கு இக்கரையில், எழுவான்கரையில், அவருடைய வீடு. அக்கரையில், படுவான்கரையில், கணவருக்கு வயலும் மாட்டுப் பட்டியும் இருக்கின்றன. கடிதத்தின் சாரம் இது:

"பட்டியில் நரித் தொல்லையும் மாட்டுக் களவும் அதிகம் என்று இவர் ஒரு நாய்க்குட்டி கொண்டு வந்தார். இரண்டு மாதம் இருக்கும். கொஞ்சம் வளரும் வரை வளவில் கட்டி வைத்திருக்கிறோம். வைக்கிற தண்ணீரையெல்லாம் குடித்து முடிக்கிறது. குடித்த கையோடு சிறுநீர் கழிக்கிறது. வளவெல்லாம் நஜீஸ் ஆகிறது என்று உம்மா கோபப்படுகிறா. அஸருக்குப் பிறகு தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிடச் சொன்னா. நானும் எடுத்து விடுகிறேன். இரவெல்லாம் அது முனகுகிறது. முந்தாநாள் இரவு என் ஒன்பது வயது மகன் யாருக்கும் தெரியாமல் எழும்பிப் போய்ச் சிரட்டையில் தண்ணீர் கொடுத்திருக்கிறான். அது அவனுடைய கையை நக்க, அந்தக் கையோடு வந்து பாயில் படுத்துவிட்டான். காலையில் தெரிந்ததும் அடித்துவிட்டேன். இன்னும் அவன் என்னோடு பேசவில்லை. இவ்வளவு தண்ணீர் குடிப்பது நோயா? தண்ணீரைக் குறைப்பது பாவமா? தண்ணீர் நன்றாகக் குடிக்கிற நாய்க்கு விசர் இருக்காது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அது உண்மையா?"

கடிதத்தின் அடியில் தொலைபேசி இலக்கம் இருந்தது. பத்திரிகை அச்சாகி வரும்வரை காத்திருக்கும் விஷயம் இது அல்ல என்பதால் அன்றே அழைத்து இரண்டு விஷயங்கள் சொன்னேன். சட்டியைத் திருப்பி வையுங்கள், இன்றிரவும் எடுக்க வேண்டாம் என்பது ஒன்று. மகனைக் கூப்பிட்டு அணைத்துக் கொள்ளுங்கள் என்பது மற்றது. விரிவான விளக்கத்தை அவருடைய அனுமதியோடு இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

எனக்குப் பாடம் சொன்ன மாணவன்

முதலில் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கச்சான் காற்று அனலாக வீசும் நாட்களில் ஒரு பகல். நான் படிப்பிக்கும் மத்ரஸாவின் குழாயடியில் தெருநாய் ஒன்று நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தது. ஒரு சிறிய மாணவன் வுழூச் செய்யும் கோப்பையில் தண்ணீர் பிடித்து அதன் முன்னால் வைத்தான். அது நக்கிக் குடிப்பதைக் கண்டதும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவனை அதட்டினேன். கோப்பையை ஏழு முறை கழுவ வைத்தேன், ஒரு முறை மண்ணிட்டு. அவன் அழவில்லை. சொன்னபடி கழுவி முடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து மெதுவாகக் கேட்டான்:

"ஹஸரத், நேத்து நீங்க சொல்லித் தந்த ஹதீஸில அந்தப் பொம்புள சப்பாத்தால தண்ணி அள்ளிக் குடுத்தாவே, அவட பாவம் மன்னிக்கப்பட்டது சப்பாத்தக் கழுவினதுக்கா, தண்ணி குடுத்ததுக்கா?"

அதில் துடுக்குத்தனம் இருக்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். கழுவச் சொன்னது சட்டப்படி சரிதான். அதட்டியதற்கு என்னிடம் சட்டம் எதுவும் இருக்கவில்லை. சுத்தத்தைப் பற்றிய சட்டம் எனக்கு மனப்பாடமாக இருந்தது, அதற்கு முதல் நாள் நானே படிப்பித்த இரக்கம் மறந்து போயிருந்தது. கடிதம் எழுதிய சகோதரியின் வீட்டிலும் அந்த இரவில் நடந்தது இதுதான்.

அந்தப் பெண்ணும் இந்தப் பெண்ணும்

ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் வரும் செய்தி அது. பனூ இஸ்ராயீல் சமூகத்தில் ஒழுக்கங்கெட்ட வாழ்க்கை வாழ்ந்த ஒரு பெண், தாகத்தால் சாகக் கிடந்த ஒரு நாய் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வருவதைக் கண்டாள். தன் காலணியைக் கழற்றி, தலைத்துணியில் கட்டி, கிணற்றில் இறக்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அதற்காக அவளுடைய பாவம் மன்னிக்கப்பட்டது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் நிரப்பி, அதை வாயால் கவ்விக் கொண்டு ஏறி வந்து நாய்க்குப் புகட்டிய ஒரு மனிதரைப் பற்றியும் இதே போன்ற செய்தி உண்டு. மிருகங்கள் விஷயத்திலும் எங்களுக்குக் கூலி இருக்கிறதா என்று ஸஹாபாக்கள் கேட்டபோது, உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் நன்மைக்குக் கூலி உண்டு என்றே பதில் கிடைத்தது.

இன்னொரு பெண்ணின் செய்தியும் அதே நூல்களில் இருக்கிறது. பூனை காரணமாக நரகம் புகுந்தவள் அவள். அவள் அதை அடித்தாள் என்றோ வெட்டினாள் என்றோ அந்த ஹதீஸில் இல்லை. அதை அடைத்து வைத்தாள், தீனும் கொடுக்கவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்னட்டும் என்று அவிழ்த்து விடவும் இல்லை.

சகோதரிகளே, இவ்விரண்டு செய்திகளுக்கும் நடுவில் ஒரு கயிறு இருக்கிறது. தெருவில் திரியும் நாய் குழாயடியில் குடிக்கும், குட்டையில் குடிக்கும், அல்லாஹ் அதற்கு வழி வைத்திருக்கிறான். நாம் கட்டிப் போட்ட பிராணிக்கு அந்த வழியை நாம் அடைத்துவிட்டோம். இனி அதன் தாகம் நம் கையில் இருக்கிறது. தன் பொறுப்பிலுள்ள பிராணிக்குத் தீனும் நீரும் கொடுப்பது உரிமையாளர் மீது வாஜிப் என்று பிக்ஹு நூல்கள் சொல்வதும் இதனால்தான். தண்ணீரைக் குறைப்பது பாவமா என்ற கேள்விக்கு இதுவே பதில். தாகத்தோடு முனகும் கட்டிய பிராணியிடமிருந்து, வளவு நனைகிறது என்பதற்காகத் தண்ணீரை எடுத்து வைக்க நமக்கு உரிமை இல்லை.

நமது ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் தயம்மும் பாடத்தைப் பாருங்கள். வுழூவுக்கு மட்டும் போதுமான தண்ணீர் இருக்கிறது, பக்கத்தில் ஒரு பிராணி தாகத்தால் வாடுகிறது என்றால், தண்ணீரைப் பிராணிக்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்து தொழ வேண்டும். கடித்துக் குதறும் இயல்புள்ள நாய் இந்தச் சலுகையில் சேராது. காவலுக்கும் வேட்டைக்கும் பயன்படும் நாய் சேரும். தொழுகைக்காக எடுத்து வைத்த தண்ணீரிலேயே அதற்கு உரிமை இருக்கிறது என்றால், சட்டித் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு குடித்தால் அதிகம்?

இனி வைத்தியப் பக்கம். இதை நான் கால்நடை வைத்தியர் ஒருவரிடம் கேட்டும் வாசித்தும் எழுதுகிறேன்.

வளர்ந்த நாய் ஒன்று, உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லிலீற்றர் தண்ணீர் குடிக்கும். குட்டி அதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். வளர்ச்சி அதிகம், ஓட்டம் அதிகம், சிறுநீரகம் இன்னும் முழுப் பலம் பெறவில்லை. கிலோவுக்கு 100 மில்லிலீற்றரைத் தாண்டி, அதுவும் நாள் தவறாமல் தாண்டினால் காரணம் தேட வேண்டும். அதாவது மூன்று கிலோ நிறையுள்ள குட்டி நாளொன்றுக்கு 300 மில்லிலீற்றர் வரை குடிப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. நாம் தேநீர் குடிக்கும் கோப்பையில் ஏறத்தாழ இரண்டு கோப்பை.

குட்டி அதிகம் குடிப்பது போல் நமக்குத் தோன்ற நான்கு சாதாரணக் காரணங்கள் உண்டு.

முதலாவது, தாய்ப்பால் மறந்தது. நாயின் பாலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதுவரை பாலோடு போன தண்ணீர் இப்போது சட்டியிலிருந்து போகிறது. அவித்த சோற்றில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கும். கடையில் வாங்கும் காய்ந்த நாய்த்தீனில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆகவே காய்ந்த தீன் தின்னும் குட்டி சட்டியை அடிக்கடி தேடும்.

இரண்டாவது, வெயில். நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது. நாய்க்குப் பாதங்களின் அடியில்தான் வேர்வைச் சுரப்பி வேலை செய்யும். அது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே உடம்பின் சூட்டைத் தணிக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் வெளியே போகிறது. மாரி தொடங்கும் வரை நம் ஊர் வெயிலில் கூரை நிழல்கூட இல்லாமல் கட்டப்பட்ட குட்டி என்ன செய்யும்?

மூன்றாவது, சிந்துதல். நாய் நாக்கைப் பின்பக்கமாக மடித்து நக்கிக் குடிக்கிறது. வாய்க்குள் போவதோடு கீழே சிந்துவதும் நிறைய. குட்டியாக இருந்தால் சட்டிக்குள் காலையும் வைக்கும். சட்டி காலியானதை வைத்து எல்லாம் வயிற்றுக்குள் போனதாக முடிவு செய்யக் கூடாது.

நான்காவதுதான் நம் வீடுகளில் மிகவும் கவனிக்க வேண்டியது. உப்பு.

உப்புத் தண்ணீரும் உப்புக் கறியும்

மிஞ்சிய சோற்றோடு கறியையும் கருவாட்டுத் துண்டையும் பிசைந்து நாய்க்கு வைப்பது நமது வழக்கம். நமக்குச் சுவையான உப்பு அந்தச் சின்ன உடம்புக்கு மிக அதிகம். உப்பைக் கழுவி வெளியேற்ற அது தண்ணீர் கேட்கிறது. கொடுத்தால் சிறுநீராகப் போகும். கொடுக்காவிட்டால் உப்பு உடம்பில் தங்கும். கூடிப்போனால் வாந்தி, நடுக்கம், வலிப்பு வரை கொண்டு போகும். உப்பை நாமே வைத்துவிட்டுத் தண்ணீரையும் நாமே எடுத்து வைப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள். வெங்காயம் கலந்த கறியும் நாய்க்குக் கெடுதி. அது இரத்தத்தைப் பாதிக்கும். சோறு, உப்பில்லாமல் அவித்த மீன் அல்லது இறைச்சி, இவை போதும். மீனின் முள்ளை எடுத்துவிடுங்கள்.

தண்ணீரிலும் உப்பு இருக்கலாம். நமது வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோரமாகவே கிடக்கிறது. மாரியில் வெள்ளம் வந்து சேரும்போது அதன் நீர் மென்மையாகும். கோடையில் உவர்க்கும். மட்டக்களப்பு முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் கடல் நீரும் உள்ளே ஏறும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் மணல் திட்டில் இருக்கும் ஊர்களின் கிணறுகளில், நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு படையாக மிதந்துகொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின்னர் இதை நாம் கண்ணால் கண்டோம். கடல் ஏறிய கிணறுகளை மோட்டார் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தபோது சில இடங்களில் உப்பு கூடியதே ஒழியக் குறையவில்லை. அளவுக்கு மேல் இறைத்தால் கீழேயுள்ள உப்புத் தண்ணீர் மேலே வரும் என்று நிபுணர்கள் சொன்னார்கள். மழைக்காலம் கழிந்தே கிணறுகள் தேறின. பவுசர் வரும்வரை வாளியோடு வரிசையில் நின்ற சகோதரிகளுக்கு, தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே தாகமாக இருப்பது என்னவென்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

உவர்த் தண்ணீர் தாகத்தைத் தீர்க்காது, கூட்டும். ஆகவே நாய்தானே என்று வாவித் தண்ணீரையோ பாவனையில் இல்லாத கிணற்றுத் தண்ணீரையோ வைக்காதீர்கள். நீங்கள் எதைக் குடிக்கிறீர்களோ அதையே அதற்கும் வையுங்கள். கவிழாத கனமான மண்சட்டியில், நிழலில், காலையிலும் மாலையிலும் மாற்றி வையுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிடாதிருக்கச் சட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவுவதும் அவசியம்.

எப்போது வைத்தியரிடம் போவது?

காலையில் அளந்து ஊற்றுங்கள். மறுநாள் காலையில் மிஞ்சியதை அளந்து கழித்துப் பாருங்கள். மூன்று நாள் எழுதி வையுங்கள். உப்பை நிறுத்தியும் நிழலில் கட்டியும் அளவு குறையாவிட்டால் கால்நடை வைத்தியரிடம் அந்தக் கணக்கைக் காட்டுங்கள். வயிற்றோட்டம், புழு, காய்ச்சல், சிறுநீர்ப் பையில் கிருமி, பிறவியிலேயே பலவீனமான சிறுநீரகம், நீரிழிவு என்று பல காரணங்கள் இருக்கலாம். சொறிக்குப் போடும் சில ஊசிகளும் தாகத்தைக் கூட்டும்.

வயற்காரர்களின் வீடுகளுக்குத் தெரிந்த எலிக்காய்ச்சலும் அதில் ஒன்று. அது நாயின் சிறுநீரகத்தைத் தாக்கும். அந்தச் சிறுநீரின் மூலம் மனிதருக்கும் தொற்றக்கூடியது. சிறுநீரை வெறுங்கையால் துடைக்காதீர்கள்.

குட்டி சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வயிற்றோட்டத்தில் இரத்தம் கண்டாலோ மூன்று நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். அன்றே கொண்டு போங்கள். குட்டிகள் ஒரே நாளில் கைவிட்டுப் போய்விடும்.

நோயென்று சந்தேகம் வந்தாலும் தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீரகமோ நீரிழிவோ காரணமாக இருந்தால், குடிக்கும் தண்ணீர்தான் அதன் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஓடிவிட்டு மூச்சிரைக்க வந்து மளமளவென்று குடித்து வாந்தியெடுக்கும் குட்டிக்கு மட்டும் சிறிது சிறிதாக, ஆனால் அடிக்கடி கொடுக்கலாம். ஓடும் குழாயையும் வாவி அலையையும் கடித்து விளையாடவும் விடாதீர்கள். அப்படி விழுங்கும் தண்ணீர் அளவு மீறினால் இரத்தத்தில் உப்புக் குறைந்து ஆபத்தாகும்.

தண்ணீர் குடித்தால் விசர் இல்லையா?

இந்தக் கேள்வியில்தான் மனித உயிர் இருக்கிறது. நிதானமாக வாசியுங்கள்.

விசர்நாய்க்கடி நோயைத் தமிழில் நீர்வெறுப்பு நோய் என்கிறோம். அந்தப் பெயரைக் கேட்டுத்தான், தண்ணீர் குடிக்கிற நாய்க்கு அந்த நோய் இல்லை என்று மக்கள் நினைக்கிறார்கள். இது தவறு. தண்ணீரைக் கண்டு தொண்டை இழுத்து நடுங்குவது நோய் கண்ட மனிதரிடம் காணும் அடையாளம். விசர் பிடித்த நாய் தண்ணீரைக் கண்டு பயப்பட வேண்டும் என்றில்லை. அது தண்ணீரில் வாயை வைக்கும், தண்ணீரில் இறங்கி நீந்தவும் செய்யும். நோய் முற்றித் தொண்டையும் தாடையும் செயலிழக்கும்போது, குடிக்க முயன்றும் விழுங்க முடியாமல் வாயிலிருந்து நீர் வடிய நிற்கும். தொண்டையில் முள் சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டு ஆபத்தில் மாட்டியவர்கள் உண்டு. நோய்க்கிருமி எச்சிலில் இருக்கிறது. அடையாளங்கள் வெளியே தெரிவதற்குச் சில நாட்களுக்கு முன்பே எச்சிலில் வந்துவிடும். குட்டி நாய்க்கும் இந்த நோய் வரும்.

ஆகவே தண்ணீரைக் கொண்டு விசரைச் சோதிக்காதீர்கள். ஊசியைக் கொண்டு தடுங்கள். நம் நாட்டில் 1973-ஆம் ஆண்டில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போட்டதாலும், கடிபட்டவர்கள் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனதாலும் அண்மைய ஆண்டுகளில் அது சுமார் இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஆறு வாரக் குட்டி முதலே தடுப்பூசி போடலாம். அடுத்த ஊசி எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் போடுங்கள். உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

நாய் கடித்தாலோ கீறினாலோ, காயமுள்ள தோலை நக்கினாலோ, உடனே சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் பூசாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம். ஓதிப் பார்ப்பதை நான் தடுக்க மாட்டேன். துஆ மூமினின் ஆயுதம். ஆனால் ஓதிப் பார்த்துவிட்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. அடையாளம் தோன்றிய பின்னர் இந்த நோயிலிருந்து பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

அந்தச் சகோதரியிடம் நான் தொலைபேசியில் முதலில் கேட்டதும் இதுதான். மகனின் கையில் காயம் ஏதும் இருந்ததா? இல்லை என்றார், அல்ஹம்துலில்லாஹ். அடிப்பதற்கு முன்னால் நாம் பார்க்க வேண்டியிருந்தது பிள்ளையின் கையைத்தான்.

சுத்தம் பற்றிய சட்டம்

உம்மாவின் கோபத்தையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. வீட்டின் சுத்தம் தொழுகையோடு சேர்ந்தது. சட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டால் கோபத்துக்கு வேலை இருக்காது.

கால்நடை, பயிர், வேட்டை ஆகியவற்றின் தேவைக்காக நாய் வைத்திருக்க ஹதீஸில் அனுமதி உண்டு. தேவையின்றி வைத்திருப்பவரின் நன்மையிலிருந்து தினமும் குறையும் என்ற எச்சரிக்கையும் உண்டு. இத்தேவைகளுக்குப் பழக்குவதற்காகக் குட்டியை வளர்ப்பதும் கூடும் என்பதே சரியான கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆகவே பட்டிக் காவலுக்கு வளரும் இந்தக் குட்டியில் குற்றமில்லை. ஆனால் அதன் இடம் வெளியே. வீட்டுக்குள்ளும் படுக்கையிலும் அல்ல.

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி நாயின் எச்சில், சிறுநீர், வியர்வை யாவும் கடுமையான நஜீஸ். அது ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை தண்ணீரைக் கலக்கும் அளவுக்குச் சுத்தமான மண் சேர்க்க வேண்டும். இரு பக்கமும் காய்ந்திருந்தால், நாய் உரசிச் சென்றாலும் கழுவத் தேவையில்லை. மண் தரையான வளவில் பட்டால் தனியாக மண் சேர்க்க வேண்டியதில்லை, ஏழு முறை தண்ணீர் ஊற்றினால் போதும். தொழும் இடத்திலிருந்து தூரமாக, வளவின் ஒரு மூலையில் நிழலில் கட்டினால் அந்த வேலையும் குறையும். அதன் சட்டியும் அதற்குத் தண்ணீர் ஊற்றும் வாளியும் வேறாக இருக்கட்டும். அது வாய் வைத்த வாளி கிணற்றுக்குள் இறங்கக் கூடாது.

மகனுடைய கையைக் கழுவ ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. மண்ணிட்டு ஒரு முறை, தண்ணீரால் ஆறு முறை, பின்னர் குட்டிகளின் புழுத் தொற்றாதிருக்கச் சவர்க்காரம். அந்த ஈரக் கை பட்ட பாயையும் இதே முறையில் கழுவிக் காயப் போட்டால் முடிந்தது. எந்த நஜீஸும் இரக்கத்தை விடப் பெரிதல்ல என்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் அல்லாஹ் இடம் வைத்திருக்கிறான் என்றே சொல்கிறேன். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது ஒரு கடமை, பின்னர் கையைக் கழுவுவது இன்னொரு கடமை. ஒன்றைக் காட்டி மற்றதை விடச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை.

கடைசிச் செய்தி

இரண்டு வாரம் கழித்து அச்சகோதரி அழைத்தார். கணவர் குட்டியைச் சாக்கில் வைத்து நெல் நிறுக்கும் தராசில் நிறுத்திருக்கிறார். மூன்று கிலோ இருந்ததாம். அளந்து பார்த்த முதல் நாள் அரை லீற்றர் காலியாகியிருக்கிறது. விசாரித்தால், உம்மா இரக்கப்பட்டுத் தினமும் கருவாட்டுத் தலைகளைப் போட்டு வந்திருக்கிறா. அதை நிறுத்தி, கனமான சட்டி வைத்து, மாமர நிழலுக்கு மாற்றிய பிறகு நான்காம் நாள் 250 மில்லிலீற்றருக்கு வந்துவிட்டது. கால்நடை வைத்தியர் புழு மருந்தும் கொடுத்து ஊசியும் போட்டிருக்கிறார். இரவில் முனகல் இல்லை.

கணக்கை எழுதியது யார் என்று கேட்டேன். மகன்தானாம். கொப்பியில் கோடு போட்டு, காலையும் மாலையும் அளந்து எழுதுகிறானாம். "என்னோட கதைக்கிறான், ஹஸரத்" என்றார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் கட்டியிருப்பது நாயாக இல்லாமல் இருக்கலாம். ஆடு இருக்கலாம், கூட்டில் கோழி இருக்கலாம், தொங்கும் கூண்டில் கிளி இருக்கலாம். இந்தப் பக்கத்தை மூடி வைத்ததும் ஒரு முறை எழும்பிப் போய் அதன் தண்ணீரைப் பாருங்கள். அது வாய் திறந்து கேட்காது. நாளை மறுமையில் நம்மிடம் அதைப் பற்றிக் கேட்கப்படும்.

அல்லாஹ் நம் உள்ளங்களில் இரக்கத்தையும், நம் வீடுகளில் சுத்தத்தையும், நம் கிணறுகளில் நல்ல நீரையும் நிலைபெறச் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.